மரத்தடிக்கு ஒரு கணக்கு, இடைநிலத்துக்கு ஒரு கணக்கு

இயற்கை முறைப் பழத்தோட்டங்களில் மண்வளம், மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்பும் வைக்கோல், சருகு போன்றவை), பசுந்தாள் பயிர் (வெட்டி மண்ணுக்கு உரமாக்கவே வளர்க்கும் பயிர்) பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மாந்தோப்பில் புல், பூண்டு எதுவும் இல்லாமல் உழுது சுத்தமாக வைக்கச் சொல்கிறார் ஒருவர். உழவே கூடாது, எல்லாவற்றையும் வளர விடுங்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவருமே தோப்பை ஒரே நிலமாகப் பார்க்கிறார்கள். அதில்தான் சிக்கல். மரத்தடி ஒரு நிலம், வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைநிலம் வேறொரு நிலம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஒன்று கெடும்.

மரம் சத்தையும் நீரையும் எடுப்பது தடித்த வேர்களால் அல்ல, நூல் போன்ற சல்லிவேர்களால். அவற்றில் பெரும்பங்கு மேல்மண்ணில், முதல் இரண்டடிக்குள்ளேயே இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் இன்னும் மேலேயே இருக்கும். கிளை விரிந்து நிழல் விழும் ஓரத்திலும் அதைத் தாண்டியும் இவை பரவும். அங்கே கல்டிவேட்டரோ ரொட்டவேட்டரோ ஓட்டினால் அரை அடி ஆழத்தில் உள்ள சல்லிவேர் முழுக்க அறுபடும். வேரோடு சேர்ந்து வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தரும் வேர்ப்பூசண இழைகளும் அதோடு அறுந்துபோகும். மரம் அவற்றைத் திரும்ப வளர்க்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சக்தி காய்க்குப் போக வேண்டியது.

அதற்காக மரத்தடியில் புல்லை வளர விடுவதும் தவறு. இளங்கன்றுக்குப் புல்தான் முதல் எதிரி. நட்ட முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் உயிருள்ள செடி எதுவும் இருக்கக் கூடாது. அந்த வட்டம் காய்ந்த மூடாக்கில் இருக்கட்டும். மரம் வளர வளர வட்டமும் நிழலோரத்தை நோக்கி விரிய வேண்டும். பசுந்தாள் பயிர், புல், பூச்செடி எல்லாம் அதற்கு வெளியே, இடைநிலத்தில். அங்கும் உழுவதைவிட வெட்டிப் போடுவதே மேல்.

ஒரு விலக்கு உண்டு. பல ஆண்டுகள் டிராக்டர் ஓடி இடைநிலத்தின் அடியில் கடினப்பாளம் உண்டாகியிருந்தால், மூடாக்கு மட்டும் அதைச் சீக்கிரம் உடைக்காது. நிழலோரத்திலிருந்து தள்ளி, இடைநிலத்தின் நடுவில் ஒரே ஒரு முறை உளிக்கலப்பையால் ஆழக் கீறிவிடலாம். அடிமண் காய்ந்திருக்கும்போது கீறினால்தான் பாளம் வெடித்து உடையும். ஈரத்தில் கீறினால் களிமண்ணை வழித்துப் பூசியது போல் ஆகி நிலைமை மோசமாகும். கீறிய கையோடு ஆழ வேர்விடும் பசுந்தாள் பயிரை விதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் மண் மறுபடி அமுங்கி இறுகிவிடும்.

கேள்வி: மூடாக்கு எவ்வளவு தடிமனாகப் போட வேண்டும்? ஒரு ஏக்கருக்கு எவ்வளவு பொருள் தேவைப்படும்?

மரத்தூள், மரச்சீவல் போன்ற கனமான பொருள் என்றால் 8 முதல் 10 செ.மீ. போதும். வைக்கோல், சருகு சில வாரங்களிலேயே பாதியாக அமுங்கிவிடும் என்பதால் 15 செ.மீ. போட்டால்தான் நிற்கும். அதைவிட மெல்லியதாகப் போட்டால் களை முளைத்து மேலே வந்துவிடும். ஓரடிக்கு மேல் குவித்தால் இலேசான மழையும் சொட்டுநீரும் மண்ணைத் தொடாமல் மூடாக்கிலேயே நின்றுவிடும். வேரும் காற்றுக்காக மேலேறி மூடாக்குக்குள் படரும். பிறகு மூடாக்கு காய்ந்தால் அந்த வேரும் காயும்.

அளவு பார்ப்போம். மரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் ஆரம் என்றால் பரப்பு 7 சதுர மீட்டர். அதில் 15 செ.மீ. தடிமன் என்றால் ஒரு கன மீட்டர் பொருள். தளர்வான வைக்கோல் அந்த அளவு ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். ஏக்கருக்கு 100 மரம் நின்றால் 4 டன் வேண்டும். ஆண்டுதோறும் 4 டன்னை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அப்படிக் கொண்டுவரும் வைக்கோலில் களைக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே மூடாக்கை இடைநிலத்திலேயே விளைவிப்பதுதான் வழி. மேலே சொன்ன தோப்பில் மரத்தடி 700 சதுர மீட்டர் போக, இடைநிலம் சுமார் 3,300 சதுர மீட்டர் மிஞ்சும். சணப்பை நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு 2 கிலோ பச்சைத்தழை என்று வையுங்கள். மொத்தம் ஆறரை டன் பச்சை, காய்ந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல். வெட்டி மரத்தடிக்குத் தள்ளினால் தேவையில் பாதியை நெருங்கிவிடும். மிச்சத்துக்கு வேலியில் கிளைரிசிடியா நட்டு ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை கழித்துப் போடுங்கள். கவாத்துச் சுள்ளிகளையும் எரிக்காமல் நறுக்கிப் போடுங்கள். மரங்கள் பெருத்து இடைநிலத்தில் நிழல் விழத் தொடங்கியதும் பசுந்தாள் விளைச்சல் குறையும். அந்தக் கட்டத்தில் மரத்தின் சொந்தச் சருகே கைகொடுக்கும். அதைக் கூட்டிப் பெருக்கி ஓரத்தில் கொளுத்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

தூரைச் சுற்றி ஒரு சாண் முதல் ஓரடி வரை வெறுமண்ணாக விடுவது கட்டாயம். ஈரமான மூடாக்கு பட்டையை ஒட்டிக் கிடந்தால் தூரழுகல் வரும். எலுமிச்சைக் குடும்பத்தில் அது மரத்தையே கொன்றுவிடும். நட்ட குழியில் ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தால், மூடாக்கு போடும் முன் மண்ணை விலக்கி அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இடைநிலத்துக்கு எந்தப் பசுந்தாள் பயிர்? விதையளவு, வெட்டும் காலம் சொல்லுங்கள்.

மண்ணைப் பார்த்துத்தான் தேர்வு. வடிகால் உள்ள நிலத்துக்குச் சணப்பை: முழு ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ. நீர் தேங்கும் நிலம், களர் நிலம் என்றால் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ. மானாவாரி, சரளை, வளம் குறைந்த மண்ணுக்குக் கொழிஞ்சி, 6 முதல் 8 கிலோ. கொழிஞ்சியை மாடு அவ்வளவாகக் கடிக்காது, தானே விதை கொட்டி அடுத்த மழைக்கும் முளைக்கும். ஆனால் விதைத்தோல் கடினம். பருமணலோடு சேர்த்துத் தேய்த்துத் தோலைச் சிராய்த்துவிட்டு விதைத்தால்தான் ஒரே சீராக முளைக்கும். தரையோடு படர்ந்து வெயிலை மறைக்கத் தட்டைப்பயறு நல்லது, 10 கிலோ. நீங்கள் விதைப்பது இடைநிலத்தில் மட்டும்தான் என்பதால் இந்த அளவுகளை அந்தப் பரப்புக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மழை தொடங்கியதும் விதையுங்கள், இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். 45 முதல் 60 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போது வெட்ட வேண்டும். இன்னும் நிறையத் தழை சேரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பூ முற்றியதும் தண்டு நார் ஏறிவிடும். எடை கூடும், தழைச்சத்து (நைட்ரஜன்) விகிதம் குறையும், மட்குவதற்கு நாளாகும். சணப்பையைத் தரையோடு வெட்டினால் செத்துவிடும். முழங்கால் உயரத்தில் வெட்டினால் பக்கக்கிளை வெடித்து இரண்டாவது வெட்டும் தரும். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் மட்டும் இரண்டாவது வெட்டுக்கு ஆசைப்படுங்கள்.

மடக்கி உழத் தேவையில்லை. வெட்டி, மேலேயே கிடக்க விட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் போகும் என்பது உண்மைதான். ஆனால் உழுதால் போகும் வேரும் மட்கும் அதைவிடப் பெரிய நட்டம்.

நிரந்தரப் படர்கொடி பற்றியும் கேட்டிருந்தார்கள். நிலக்கடலைக் குடும்பத்தைச் சேர்ந்த அராகிஸ் பின்டோய் நிழலைத் தாங்கும், மரத்தில் ஏறாது. ஒரு சாண் தண்டுகளை ஓரடி இடைவெளியில் மழைக்காலத்தில் நட வேண்டும். தரையை மூட ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை களை எடுத்தாக வேண்டும். நீர் வசதி இல்லாத தோப்புக்கு அது வேண்டாம். ரப்பர் தோட்டங்களில் போடும் பியூரேரியா, கலப்பகோனியம் போன்றவையும் பூனைக்காலியும் தழையை அள்ளித் தரும். ஆனால் மாதம் ஒரு முறை மரத்தடியில் கொடியை அறுக்க ஆளில்லை என்றால் அவற்றைத் தொடாதீர்கள். இளமரத்தின் மேல் ஏறி அமுக்கிவிடும்.

கேள்வி: பசுந்தாள் பயிர் போட்ட ஆண்டு மாமரம் தழைத்துக் குலுங்கியது, பூ மட்டும் குறைந்துவிட்டது. பசுந்தாள் பயிர்தான் காரணமா?

பயிர் காரணமல்ல, அது மட்கிய காலம் காரணமாக இருக்கலாம். மா பூக்க வேண்டுமானால் கிளைநுனிகள் முதிர்ந்து, கொஞ்ச காலம் வளர்ச்சியின்றி ஓய்ந்திருக்க வேண்டும். குளிரும் வறட்சியும் அந்த ஓய்வைத் தருகின்றன. அந்த நேரத்தில் ஈரமும் தழைச்சத்தும் சேர்ந்து கிடைத்தால் மரம் பூவுக்குப் பதில் கொழுந்து விடும். இளம்பசுந்தாள் வெட்டிய நாலு முதல் எட்டு வாரங்களில் தன் தழைச்சத்தில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் அது இன்னும் சுருக்காக நடக்கும். மழைக்காலக் கடைசியில் வெட்டியிருந்தால் அந்தத் தழைச்சத்து சரியாக ஓய்வுக்காலத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

பின்னிருந்து எண்ணி வாருங்கள். உங்கள் தோப்பு வழக்கமாகப் பூக்கும் மாதத்திலிருந்து குறைந்தது மூன்று மாதம் முன்னதாகக் கடைசி வெட்டு முடிந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்து கவாத்து செய்தபின் வரும் கொழுந்துக்குத்தான் பசுந்தாளின் சத்து போய்ச் சேர வேண்டும். அதாவது விதைப்பு முதல் மழைக்கே. அதன்பின் இடைநிலத்தில் புல் இருந்தால் அழிக்காமல், தாழ வெட்டி மட்டும் வையுங்கள், நிலத்து ஈரத்தை அது குடித்துத் தீர்ப்பது அந்தச் சமயத்தில் உங்களுக்குச் சாதகம். காய் பிடித்தபின் அதே புல் எதிரியாகிவிடும், அப்போது வளர விடாதீர்கள்.

கொய்யா அப்படியில்லை. அது புதுத்துளிரில்தான் பூக்கும் என்பதால் கவாத்தோடு சேர்த்துப் பசுந்தாளை வெட்டிப் போடலாம்.

மரம் பூத்திருக்கும் சமயத்தில் இடைநிலத்தில் பசுந்தாளோ களையோ பூத்திருந்தால் அதை மொத்தமாக வெட்ட வேண்டாம். இருக்கையை இழந்த இலைப்பேன்கள் நேரே மரத்துப் பூவுக்கு ஏறிவிடும். மரம் பூக்குமுன்பே வெட்டுங்கள், அல்லது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக வெட்டுங்கள்.

கேள்வி: மரத்தூளும் வைக்கோலும் போட்டபின் கன்றுகளின் இலை மஞ்சளாகிவிட்டது. ஏன்?

அதை மண்ணோடு கலந்து கொத்திவிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு, தின்னும் ஒவ்வொரு 24 பங்கு கரிமத்துக்கும் ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். இளம் பசுந்தாளில் இந்த விகிதம் 20-க்குள் இருப்பதால் நுண்ணுயிர்கள் தின்று மிச்சம் வைக்கும். வைக்கோலில் 80 வரை போகும், மரத்தூளில் சில நூறுகள். பற்றாக்குறையை அவை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். கன்றுக்கு எதுவும் எஞ்சாது. மண்ணின் மேல் பரப்பி மட்டும் வைத்திருந்தால் இந்த இழுப்பு இரண்டும் தொட்டுக்கொள்ளும் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும், வேருக்குப் பாதிப்பு அநேகமாக இருக்காது.

இப்போதைக்குக் கன்றுக்கு நாலைந்து கிலோ நன்கு மட்கிய எருவோ மண்புழு உரமோ வைத்து, மேலே பத்து கிலோ பச்சைக் கிளைரிசிடியா தழை போடுங்கள். பத்து கிலோ பச்சைத்தழை காய்ந்தால் இரண்டு கிலோ, அதில் தழைச்சத்து அறுபது, எழுபது கிராம் இருக்கும். ஒரு கன்றுக்கு அது கணிசமான அளவு. கொத்திய மரத்தூளைத் திரும்ப எடுக்க முடியாது, மட்கும் வரை இப்படித் தாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கீழிலை மஞ்சளானால்தான் தழைச்சத்துக் குறை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், நீர் தேங்கிய மண்ணிலும் அது வரும். அதற்குத் தழை போட்டுப் பயனில்லை, வடிகாலைப் பாருங்கள்.

கேள்வி: தட்டைப்பயறு விதைத்தோம். வேரில் நிறைய முடிச்சுகள் இருக்கின்றன. நல்லதுதானே?

எந்த முடிச்சு என்று பார்த்தபின் சொல்லலாம். செடியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். ரைசோபியம் (காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டவைத்த மணி போல இருக்கும், விரலால் உருட்டினால் தனியே கழன்று வரும். நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருந்தால் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் ஒன்று இளசு, அல்லது வேலை செய்யாத இனம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்தது.

வேரே நடுவில் தடித்து வீங்கி, உருட்டினாலும் கழலாமல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. இது நல்ல செய்தி இல்லை, அதுவும் உங்கள் தோப்பு கொய்யாவோ மாதுளையோ என்றால். இரண்டு மரங்களும் இந்தப் புழுவுக்கு எளிதில் ஆட்படுபவை. தட்டைப்பயறு, பாசிப்பயறு வகைகளில் பலவும் இதற்கு விருந்து வைப்பவை. இடைநிலத்தில் புழுவை நாமே வளர்த்து மரத்துக்கு அனுப்புகிற கதைதான். அப்படிப்பட்ட நிலத்தில் பயறை நிறுத்திவிட்டுச் சணப்பைக்கு மாறுங்கள். அது இந்தப் புழுவைப் பெருக விடுவதில்லை. செண்டுமல்லியும் உதவும். ஆனால் பார்டருக்கு நாலு செடி நட்டால் ஒன்றும் ஆகாது, புழு இருக்கும் இடத்தில் நெருக்கமாக, இரண்டு மூன்று மாதமாவது நிற்க வேண்டும். அதன் வேர் எட்டும் தூரம்தான் அதன் அதிகாரம். பாதித்த மரத்தடியிலிருந்து மண்வெட்டி, கலப்பையில் ஒட்டிய மண்ணை மற்ற இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நாற்றங்காலிலிருந்து வாங்கும் கன்றையும் பையைப் பிரித்து வேர் பார்த்தே நடுங்கள்.

முடிச்சே இல்லை என்பவர்களுக்கு: அந்தப் பயிர் இதுவரை விளையாத நிலமாக இருந்தால் ரைசோபியம் கலந்து விதையுங்கள். 10 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம், ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். தட்டைப்பயறுக்கும் சணப்பைக்கும் ஒரே இனம் பொருந்தும், தக்கைப்பூண்டுக்கு வேறு. மணிச்சத்து குறைந்த மண்ணிலும் முடிச்சு பிடிக்காது. அதற்கு ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத்தூள்) போடச் சொல்வார்கள். அமில மண்ணில்தான் அது கரையும். பி.எச். 7-க்கு மேல் உள்ள நிலத்தில் அது கல்லாகவே கிடக்கும், பணம்தான் வீண்.

கேள்வி: மூடாக்கையும் மீறிக் கோரை வருகிறது. அருகம்புல்லும் விடவில்லை.

கோரையின் முளை ஊசி போன்றது. அட்டை, வைக்கோல் மட்டுமல்ல, பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வரும். அதன் பலவீனம் நிழல். நெருக்கமாக விதைத்த சணப்பையோ தட்டைப்பயறோ அடுத்தடுத்து இரண்டு போகம் நின்றால் அது மெலியும். மரத்தடியில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அலுக்காமல் வெட்டிக்கொண்டே இருங்கள். முளைத்து ஒரு மாதத்துக்குள் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், அதற்குமுன் வெட்டினால் பழைய கிழங்கின் சேமிப்புதான் கரையும். ஒரு முறை தவறினாலும் கணக்கு ஆரம்பத்துக்கு வந்துவிடும். ரொட்டவேட்டர் வேண்டாம். சங்கிலியாக உறங்கும் கிழங்குகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எழுப்பிவிடும்.

அருகுக்கு இரண்டு அடுக்கு அட்டைப்பெட்டித் தாள், விளிம்புகள் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனைத்து, மேலே 10 செ.மீ. மூடாக்கு. ஒட்டுநாடா, பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் முதலில் கிழித்தெடுங்கள். விளிம்பைத் தாண்டி வெளியே ஓடும் தண்டுகளை வாரம் ஒரு முறை நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து உள்ளே ஊட்டம் போகும். பார்த்தீனியம் என்றால் பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்கி மூடாக்காகவே போடலாம். பூத்தபின் வேண்டாம், ஒரு செடியிலேயே பல்லாயிரம் விதை.

கேள்வி: மாதம் இரு முறை ஜீவாமிர்தம் விடுகிறேன். வேறு உரம் தேவையா?

தேவை. 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர் என்ற வழக்கமான அளவை எடுத்துக்கொள்வோம். தழைச்சத்து சாணத்தில் சுமார் 40 கிராம், கோமியத்தில் 100 கிராம், மாவில் 75 கிராம். கூட்டினால் ஒரு ஏக்கருக்குக் கால் கிலோகூட இல்லை. மாதம் இரு முறை, ஆண்டு முழுக்க விட்டாலும் 5 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு போகம் சணப்பை இடைநிலத்தில் மட்டும் 35 கிலோ வரை வைத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி காற்றிலிருந்து பிடித்தது, மிச்சம் மண்ணிலிருந்தே எடுத்தது. கரைசலை நுண்ணுயிர்களுக்கான தூண்டலாக வைத்துக்கொள்ளுங்கள். தின்னத் தழையும் மட்கும் இல்லாத வெறுமண்ணில் அதை ஊற்றுவதில் அர்த்தமில்லை. மூடாக்கின்மேல் ஈரம் இருக்கும்போது விடுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டு மூடாக்கு போட்டும் மண் பரிசோதனையில் கரிமம் 0.4 சதவீதத்திலிருந்து 0.5 ஆகத்தான் ஏறியிருக்கிறது. இவ்வளவுதானா?

இது மோசமான முடிவே இல்லை. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் 0.1 சதவீதம் என்றால் 900 கிலோ கரிமம். கரிமத்தை 1.724-ஆல் பெருக்கினால் கரிமப்பொருள், ஆக ஒன்றரை டன் மட்கு கூடியிருக்கிறது. காய்ந்த தழையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கரிமம். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக மூச்சுவிட்டுவிடும். வெப்ப நிலங்களில் இது இன்னும் வேகம். நிலைத்து நிற்பது சிறு பங்குதான்.

எண் உண்மையாக ஏறியதா என்பது மாதிரி எடுத்த விதத்தையும் பொறுத்தது. மரத்தடிக்கும் இடைநிலத்துக்கும் தனித்தனி மாதிரி எடுங்கள். நிழலோரத்தில், எட்டுப் பத்து மரங்களில், மூடாக்கையும் அரைகுறையாக மட்கிய துகளையும் முழுக்க விலக்கிவிட்டு எடுங்கள். ஒரு கைப்பிடி சருகுத்தூள் சேர்ந்தாலே முடிவு பொய்யாகும். ஆண்டுதோறும் அதே மாதம், அதே ஆழம், அதே ஆய்வகம். கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரை கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்புங்கள்.

ஆய்வகத்துக்கு முன்பே மாற்றத்தைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஆறு அங்குலக் குழாய்த் துண்டைத் தரையில் மூன்று அங்குலம் இறக்குங்கள். உள்விட்டம் 15 செ.மீ. இருந்தால், 450 மி.லி. தண்ணீர் என்பது ஓர் அங்குல மழை. மண் சிதறாமல் மெல்ல ஊற்றுங்கள். முதல் முறை காய்ந்த மண் உறிஞ்சுவதை நம்ப வேண்டாம். இரண்டாவது முறை ஊற்றி நேரம் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இறங்கினால் மண் திறந்திருக்கிறது. ஒரு மணி நேரம் நின்றால் மேற்பரப்பு இறுகியிருக்கிறது. மரத்தடியிலும் டிராக்டர் தடத்திலும் ஒரே நாளில் செய்து பாருங்கள்.

கேள்வி: மூடாக்கால் கரையானும் எலியும் வருகின்றன.

கரையான் காய்ந்த பொருளைத்தான் தேடும். மூடாக்கும் காய்ந்து, கன்றும் நீரின்றி வாடும்போதுதான் பட்டையில் கை வைக்கும். மூடாக்கில் ஈரம் விடாமல், தூரைச் சுற்றி வெறுமண் வளையம் விட்டு, தண்டில் மண்பூச்சு ஏறினால் அவ்வப்போது உதிர்த்துவிடுங்கள். எலிக்கும் அதே வளையம்தான், ஓரடிக்குக் குறையாமல். இடைநிலத்துப் புல்லையும் முழங்காலுக்கு மேல் வளர விடாதீர்கள்.

கேள்வி: பிரஷ் கட்டரால் களை வெட்டும்போது சில இளமரங்கள் திடீரென வாடுகின்றன.

தூரைக் குனிந்து பாருங்கள். நைலான் நரம்பு பட்டையைச் சுற்றிலும் சீவியிருக்கும். பட்டை முழு வட்டமாகப் போனால் இலைகள் செய்யும் உணவு வேருக்கு இறங்காது, மரம் சில வாரம் பச்சையாக நின்றுவிட்டு வாடும். பாதி வட்டம் பிழைத்திருந்தால் காப்பாற்றலாம். அங்கே போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) தடவி விடுங்கள். இனி மரத்திலிருந்து இரண்டடிக்குள் கையரிவாள் மட்டும், அல்லது தண்டுக்குப் பிளந்த குழாய் ஒன்றைக் காப்பாகப் போட்டுவையுங்கள்.

கேள்வி: கோழி எருவை அப்படியே போடலாமா?

வேண்டாம். பச்சைக் கோழி எருவில் அமோனியாவும் உப்பும் மிகுதி, சல்லிவேரைக் கருக்கும். மாட்டுச்சாணத்தையும் மட்க வைத்தே போடுங்கள், பச்சைக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், களை விதையும் உயிரோடு வரும். வேறு வழியே இல்லாமல் பச்சை எரு போட நேர்ந்தால் அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொடாத விளைபொருளுக்கு எருவிட்ட பின் 90 நாள், மண்ணைத் தொடுவதற்கு 120 நாள் இடைவெளி வேண்டும். கீழே விழுந்த பழத்தையும் பொறுக்கி விற்பவர்கள் 120-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.